பிள்ளையின் எடை, பெற்றோரின் கைபேசி

சுவீடனில் குழந்தைகளின் உடல் பருமனுக்குச் சிகிச்சை தரும் சில மையங்கள், வீட்டில் வைத்துக்கொள்ள ஓர் எடைக் கருவியைக் கொடுத்தனுப்புகின்றன. பார்வைக்கு மற்ற எடைக் கருவிகளைப் போலத்தான் இருக்கும். ஆனால் எண் காட்டும் இடமே அதில் கிடையாது. பிள்ளை தினமும் ஒரு தடவை ஏறி நின்று இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். எத்தனை கிலோ என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. அளவு நேராகக் கைபேசிச் செயலிக்குப் போய்ச் சேர்கிறது. செயலியும் கிலோ சொல்வதில்லை. பிள்ளையின் வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டு, போக்கை ஒரு கோடாக இழுத்துக் காட்டுகிறது. கோடு போக வேண்டிய திசையில் போகிறதா, விலகுகிறதா என்பது மட்டும் வீட்டாருக்குத் தெரியும். அதே கோட்டைச் சிகிச்சை மையத்தில் இருப்பவர்களும் பார்க்கிறார்கள்.

'எவிரா' என்ற இந்த ஏற்பாட்டைக் கரோலின்ஸ்கா கல்வி நிலையத்தின் ஆய்வாளர்கள் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு செயலியும் பெற்ற 107 பிள்ளைகளை, நாட்டின் சிகிச்சைப் பதிவேட்டிலிருந்து பொருத்தமாகத் தேர்ந்தெடுத்த 321 பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு செயலி பெற்ற குழுவின் நிலை தெளிவாகவே மேம்பட்டிருந்தது. இது குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய சோதனை அல்ல. ஆகவே முடிவைக் கொஞ்சம் நிதானத்தோடுதான் ஏற்க வேண்டும். என்றாலும் அந்த எண் இல்லாத கருவி ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. குழந்தையின் பருமனைக் கையாளும் செயலி எதை அளக்கிறது என்பது இரண்டாம் கேள்விதான். அது யாரிடம் பேசுகிறது, அதற்குப் பின்னால் எந்த மனிதர் நிற்கிறார் என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை. கடந்த பத்து ஆண்டுகளில் வந்த ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தால், ஜெயித்த செயலிகளையும் தோற்ற செயலிகளையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

பிரச்சினையின் அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 5 முதல் 19 வயதுக்குள் 39 கோடிப் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். அவர்களில் 16 கோடிப் பேருக்கு உடல் பருமன். பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களின் விகிதத்தை (9.2 சதவீதம்) பருமனானவர்களின் விகிதம் (9.4 சதவீதம்) முந்திவிட்டதாக யூனிசெப் 2025இல் அறிவித்தது. தெற்காசியாவும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவும் மட்டும் அதற்கு விலக்கு. விலக்கு என்று நாம் நிம்மதி அடைய முடியாது. இந்தியாவில் 1990இல் ஏறத்தாழ 4 லட்சமாக இருந்த பருமனான பிள்ளைகளின் எண்ணிக்கை 2022இல் 1.25 கோடி என்று லான்செட் இதழில் 2024இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இத்தனை பிள்ளைகளின் வீடுகளிலும் கைபேசி இருக்கிறது. செயலி என்ற யோசனை எவருக்கும் முதலில் வருவது அதனால்தான். ஆனால் அந்த வீடுகளில் பாதியில், பிள்ளைக்குப் பிரச்சினை இருக்கிறது என்பதே பெற்றோருக்குத் தெரியவில்லை. 121 ஆய்வுகளையும் சுமார் 80,000 குழந்தைகளையும் ஒன்றாகத் தொகுத்து 2014இல் வந்த ஓர் ஆய்வு, அதிக எடையுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் சரிபாதிப் பேர் அந்த எடையைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று கண்டது. இதை அக்கறையின்மை என்று சொல்லிவிடக் கூடாது. தெருவில் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் பூசினாற்போல இருந்தால், பூசினாற்போல இருப்பதே சாதாரணமாகத் தெரியும். "வளர வளர எல்லாம் வடிஞ்சிடும்" என்று பாட்டி சொல்லும்போது மறுத்துப் பேசக் கையில் ஆதாரமும் இருக்காது.

குழந்தையின் எடையை மதிப்பிடுவது உண்மையிலேயே கடினம். பெரியவர்களுக்கு எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே போதும். 18.5 என்றால் ஒல்லிக்கும் இயல்புக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு. அதே 18.5 ஐந்து வயதுப் பையனுக்கு வந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி அது உடல் பருமன். பதினைந்து வயதில் வந்தால் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, கவலைப்பட ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கான கணிப்பானில் பிள்ளையின் எடையைத் தட்டிப் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்கப்போகும் பெற்றோர் எத்தனை பேரோ.

இன்னொரு நுட்பமும் உண்டு. முதல் பிறந்தநாள் வரை ஏறும் குறியீடு, அதன்பின் இறங்கி, ஐந்தாறு வயதில் அடிமட்டத்தைத் தொட்டு, மறுபடி ஏறத் தொடங்கும். இந்த இரண்டாம் ஏற்றம் சீக்கிரமே தொடங்கிவிடும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் பருமன் வரும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பிரான்சின் மரி-பிரான்சுவாஸ் ரோலான்-கஷேரா 1984இலேயே காட்டினார். மூன்று, நான்கு வயதைத் தடுப்புக்கு உரிய காலமாக ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான். அந்த வயதுப் பிள்ளைக்குச் செயலி எதற்கு? கடைக்குப் போவதும் சமைப்பதும் தட்டில் வைப்பதும் பெற்றோர். பேச வேண்டியது அவர்களிடம்தான்.

செயலிகள் பிறப்பதற்கு முன்பே இதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் லியோனர்ட் எப்ஸ்டைன், பிள்ளையையும் பெற்றோரையும் சேர்த்தே சிகிச்சைக்கு உட்படுத்திய குடும்பங்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 1990இல் முடிவை வெளியிட்டார். பெற்றோரும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிக்கொண்ட குழுவே பத்தாண்டு கழித்தும் நல்ல நிலையில் இருந்தது. இஸ்ரேலில் மோரியா கோலன் இன்னும் ஒருபடி மேலே போனார். ஒரு குழுவில் பிள்ளைகளை மட்டும் வரச் சொன்னார். மற்றதில் பெற்றோரை மட்டும். பிள்ளையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பெற்றோருக்கு மட்டும் வழிகாட்டிய குழுவில்தான் பிள்ளைகளின் எடை அதிகம் குறைந்தது. கேட்க விசித்திரம், ஆனால் வீட்டில் யார் எதை வாங்குகிறார்கள் என்று யோசித்தால் விசித்திரம் ஒன்றுமில்லை.

பாலர்களின் பெற்றோரோடு ஒரு சோதனை

பெற்றோரிடம் மட்டுமே பேசும் செயலியை முறையாகச் சோதித்த முயற்சிகளில் முக்கியமானது சுவீடனின் 'மினிஸ்டாப்'. கரோலின்ஸ்காவைச் சேர்ந்த மரி லோஃப் தலைமையில் நடந்தது. நான்கரை வயதுப் பிள்ளைகள் 315 பேரின் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஒரு துண்டுப் பிரசுரம். மறுபாதிக்கு ஆறு மாதங்களுக்குச் செயலி. செயலியில் பன்னிரண்டு தலைப்புகள்: காலை உணவு, இனிப்பு, பானங்கள், காய்கறி, தூக்கம், வெளியே சாப்பிடுவது, பண்டிகை விருந்து என்று இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வரும். பிள்ளை சாப்பிட்ட பழம், குடித்த இனிப்புப் பானம், உட்கார்ந்தே கழித்த நேரம் ஆகியவற்றைப் பெற்றோர் பதிய வேண்டும். செயலி அதற்குப் பதில் சொல்லும். எடை மட்டும் பார்த்தால் தசையா கொழுப்பா என்று தெரியாது என்பதால், முட்டை வடிவக் கூண்டுக்குள் பிள்ளையை உட்காரவைத்து, இடம்பெயரும் காற்றை வைத்து உடற்கொழுப்பை அளந்தார்கள். கையில் அசைவுமானி கட்டினார்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். பாலர்களை வைத்து இவ்வளவு கவனமாக அளந்த சோதனைகள் குறைவு.

2017இல் முடிவு வந்தது. முதன்மை அளவீடான உடற்கொழுப்பில் இரு குழுக்களுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. கொழுப்பு, பழம், காய், இனிப்பு, பானம், உட்கார்வு, ஓட்டம் என்று ஏழையும் சேர்த்துப் போட்ட மொத்த மதிப்பெண்ணில் செயலிக் குழு முந்தியது. தொடக்கத்தில் கொழுப்பு அதிகமிருந்த பிள்ளைகளிடம் முன்னேற்றம் கூடுதல். ஆனால் செயலி நின்று ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தபோது அந்த முந்தலும் மறைந்துவிட்டது. ஆறு மாதம் துணைக்கு வந்த குரல் நின்றதும் வீடு பழைய வழிக்குத் திரும்பியிருக்கிறது.

தோல்வி என்று மூட்டை கட்டிவிடாமல் அதே குழு மறுபடி முயன்றது. இந்த முறை செயலியை அரசின் குழந்தை நல மையங்களுக்குள் கொண்டுபோனார்கள். இரண்டரை, மூன்று வயதில் வழக்கமான பரிசோதனைக்கு வரும் குடும்பத்துக்குச் செவிலியரே செயலியை அறிமுகம் செய்வார். சுவீடிஷ் மட்டுமல்லாமல் ஆங்கிலம், அரபு, சோமாலி மொழிகளிலும் செயலி பேசியது; குடியேறிய குடும்பங்களை ஒதுக்கிவிட்டு நடத்தும் தடுப்புத் திட்டத்தில் பாதிப் பயன் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். 19 மையங்கள், 552 பெற்றோர். 2023இல் வந்த முடிவில், செயலி பெற்ற வீடுகளின் பிள்ளைகள் நாளொன்றுக்குத் தின்பண்டம் 7 கிராம் அளவும், இனிப்புப் பானம் 30 கிராமுக்குச் சற்று அதிகமாகவும் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். திரை பார்க்கும் நேரம் 7 நிமிடம் குறைவு. தங்களால் பிள்ளையை நல்வழிக்குக் கொண்டுவர முடியும் என்ற நம்பிக்கையும் பெற்றோரிடம் கூடியிருந்தது. எடைக் குறியீட்டில் மாற்றம் இல்லை.

ஏழு கிராம் தின்பண்டத்துக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது நாள்தோறும் குறைகிற ஏழு கிராம். ஆண்டு முழுக்கக் கூட்டினால் இரண்டரை கிலோ. அது நிலைத்தால் பயன் உண்டு, நிலைக்காவிட்டால் இல்லை. என் கவனத்தில் நின்ற எண் வேறு. அந்த 552 பெற்றோரில் தாய்மார் 473 பேர். தந்தையர் 79 பேர். பாலினச் சமத்துவத்துக்குப் பேர்போன நாட்டில், தந்தைக்குப் பிள்ளை வளர்ப்பு விடுப்பு தரும் நாட்டில், இதுதான் நிலை. 'பெற்றோர் செயலி' என்று நாம் சொல்வது நடைமுறையில் அம்மா செயலி. சமையல், பள்ளி, வீட்டுப்பாடம், தடுப்பூசி அட்டவணை என்று ஏற்கெனவே அவள் தலையில் இருக்கும் பட்டியலில் இன்னொரு வரி. வாரத்துக்கு இத்தனை தடவை பதிய வேண்டும் என்று கேட்கும் எந்தச் செயலியும் அந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், மூன்றாவது வாரத்தில் கைவிடப்படுவதைக் கண்டு வியக்கக் கூடாது.

பிள்ளையின் கையில் கொடுத்தபோது

எல்லோரும் பெற்றோரோடு நிற்கவில்லை. எப்ஸ்டைன் வகுத்த உணவுமுறையில் உணவுகளைப் போக்குவரத்து விளக்குப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிப்பார்கள். குடும்பத்தை நேரில் உட்காரவைத்து, பயிற்சி பெற்றவர் வழிநடத்த உருவான முறை அது. அதைக் கைபேசிக்குள் அடைத்து வந்தது 'கர்போ'. எடைக் குறைப்புத் தொழிலில் பழம்பெயரான வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் 2018இல் அதை வாங்கி, 2019 ஆகஸ்டில் 8 முதல் 17 வயதுக்கான செயலியாக வெளியிட்டது. எட்டு வயதுப் பிள்ளை தான் தின்றதைத் தானே பதிந்து, அது பச்சையா சிவப்பா என்று பார்த்துக்கொள்ளும். கட்டணம் செலுத்தினால் வாரம் ஒருமுறை காணொலியில் பயிற்சியாளர். இளைத்த பிள்ளைகளின் முன்னும் பின்னுமான படங்கள் விளம்பரத்தில் வந்தன. உணவுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தருவோரிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் கடும் எதிர்ப்புக் கிளம்பியது.

எதிர்ப்புக்கு வலுவான அறிவியல் அடிப்படை இருந்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லியான் பர்ச்சும் ஜெனிபர் பிஷரும் 1999இல் வெளியிட்ட சோதனை இத்துறையில் எல்லோரும் அறிந்தது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே கண்ணாடி போன்ற ஒரு பாத்திரத்தில் பழ பிஸ்கட். எல்லோருக்கும் தெரியும், ஆனால் குறிப்பிட்ட சில நிமிடங்கள்தான் திறப்பார்கள். அதேபோன்ற இன்னொரு பிஸ்கட் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். நாளாக நாளாகப் பிள்ளைகளின் பேச்சும் கேள்வியும் கையும் பூட்டிய பிஸ்கட்டையே சுற்றின. ருசியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தடைதான் ஆசையைக் கிளப்பியது. சிவப்பு வண்ணம் பூசி ஒரு பண்டத்தைப் பிள்ளையின் கண்முன் வைப்பதும் ஒருவகைக் கண்ணாடிப் பாத்திரம்தான். அதே சிவப்பு பெற்றோரின் கைபேசியில் மட்டும் தெரிந்தால், அந்தப் பண்டம் வீட்டுக்கே வராமல் போகலாம். பிள்ளைக்கு அப்படி ஒரு தடை இருப்பதே தெரியாது.

கர்போவின் கதை வேறு இடத்தில் போய் முடிந்தது. அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டக் கூடாது என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் கர்போவில் சேரும்போது 'நான் பெற்றோர்' என்றோ '13 வயதுக்கு மேல்' என்றோ ஒரு கட்டத்தைத் தொட்டாலே போதுமாக இருந்தது. உள்ளே நுழைந்தபின் பிறந்த தேதியைப் பத்து வயதுக்கு மாற்றினாலும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையின் எடை, உயரம், தின்ற உணவு எல்லாம் சேமிக்கப்பட்டன. 2022 மார்ச்சில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 15 லட்சம் டாலர் அபராதத்தோடு வழக்கை முடித்தது. அதைவிடப் பெரிய நிபந்தனை ஒன்றும் இருந்தது: அப்படித் திரட்டிய தகவலையும், அந்தத் தகவலைக் கொண்டு உருவாக்கிய கணிப்பு நிரல்களையும் அழித்துவிட வேண்டும். அந்த ஆண்டே கர்போ மூடப்பட்டது.

சர்க்கரைக் கட்டிகளும் ஒரு வரியும்

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2016 ஜனவரியில் அதன் பொதுச் சுகாதாரத் துறை 'சுகர் ஸ்மார்ட்' என்ற இலவசச் செயலியை வெளியிட்டது. கடையில் ஒரு பொட்டலத்தின் பட்டைக் குறியைக் கைபேசிக் கேமராவில் காட்டினால், அதில் உள்ள சர்க்கரையை நான்கு கிராம் கட்டிகளாக எண்ணிச் சொல்லும். 75,000க்கு மேற்பட்ட பொருள்கள் அதில் ஏற்றப்பட்டிருந்தன. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஐந்து கட்டிதான் வரம்பு. ஒரு கோலா டின்னில் ஒன்பது. கிராம் கணக்குப் புரியாதவருக்கும் இது புரியும். எடை பதிய வேண்டாம், பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். பேச்சு முழுக்கப் பொட்டலத்தைப் பற்றியது. இத்தகைய செயலிகளில் இதை நல்ல வடிவமைப்பு என்பேன்.

ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் அறிவித்து 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒரு வரி அதைவிட அதிகம் சாதித்தது. தொடங்கியபோது, 100 மில்லி பானத்தில் 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 24 பென்ஸ் என்று வரி இருந்தது. வரியைக் கட்டுவது தயாரிப்பாளர். வரிக்குப் பயந்து கம்பெனிகள் பானத்திலேயே சர்க்கரையைக் குறைத்தன. 10, 11 வயதுச் சிறுமியரிடையே பருமன் 8 சதவீதம் குறைந்ததற்கும் இந்த வரிக்கும் தொடர்பு இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். சிறுவர்களிடமும் சின்னப் பிள்ளைகளிடமும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. கேமராவைத் திறந்து கட்டிகளை எண்ணும் அக்கறையுள்ள அம்மாவுக்குச் செயலி உதவியது. எண்ணவே நேரமில்லாத அம்மாவின் பிள்ளை குடித்த பாட்டிலிலும் சர்க்கரையைக் குறைத்தது வரிதான். கைபேசியைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிட்டால், கம்பெனியும் அரசும் சுமக்க வேண்டியதை அம்மாவின் தோளில் ஏற்றிவிட்டதாக ஆகும்.

ஆள் பின்னால் நின்றால்

பெரிய வெற்றி ஒன்று 2024 நவம்பரில் வெளியானது. 'கிரீன்லைட் பிளஸ்' என்ற அமெரிக்கச் சோதனை. ஆறு மருத்துவ மையங்கள், 900 குடும்பங்கள். பிறந்து மூன்று வாரத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாப் பெற்றோருக்கும் குழந்தை மருத்துவர் எளிய கையேடு வைத்து அறிவுரை சொல்வார். பாதிப் பேருக்குக் கூடவே கைபேசிக் குறுஞ்செய்திகள். பால் பாட்டிலில் பழச்சாறு ஊற்றாமல் இருப்பது போன்ற ஒரு சின்ன இலக்கைப் பெற்றோர் தேர்ந்தெடுப்பார்கள். எப்படிப் போகிறது என்று செய்தி கேட்கும். பதிலைப் பொறுத்து அடுத்த செய்தி வரும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். இரண்டு வயதில் அளந்தபோது, அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 12.7 சதவீதப் பிள்ளைகளுக்குப் பருமன். செய்தியும் பெற்ற குழுவில் 7.4. பளபளப்பான செயலிகூட வேண்டியிருக்கவில்லை. சாதாரணக் குறுஞ்செய்தியே மருத்துவர் சொன்னதை வீடு வரை தொடர்ந்து கொண்டுபோனது.

சீனாவில் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் வாங் ஹைஜுன் குழு பள்ளியைப் பிடித்தது. பீஜிங், சாங்ஷி, உரும்சி ஆகிய மூன்று ஊர்களில் 24 பள்ளிகள், ஏறத்தாழ 1,400 பிள்ளைகள். பள்ளியில் வகுப்பும் விளையாட்டும்; வீட்டில் பெற்றோருக்கு ஒரு செயலி, அதில் பிள்ளையின் எடையும் பழக்கமும் பதிவு. ஒரு கல்வியாண்டு முடிந்தபோது, திட்டம் நடந்த பள்ளிகளில் பருமனானவர்களின் விகிதம் தொடக்கத்தில் இருந்ததில் 27 சதவீதம் குறைந்திருந்தது. மற்ற பள்ளிகளில் 5.6. குவாங்சோ நகரில் நடந்த வேறொரு திட்டம் தாத்தா பாட்டிகளையும் பயிற்சிக்கு அழைத்து நல்ல பலன் கண்டது. பேரனுக்குச் சோறு ஊட்டுவது அவர்கள்தான் என்றால், அம்மாவின் கைபேசிக்கு மட்டும் செய்தி அனுப்பி என்ன ஆகப்போகிறது?

இந்த வெற்றிகளுக்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. குழந்தை பிறந்த முதல் ஆண்டிலேயே பெற்றோருக்கு வழிகாட்டும் 17 சோதனைகளின் தரவுகளை, 9,000க்கு மேற்பட்ட குழந்தைகளின் அளவுகளோடு ஒன்றாக்கி, சிட்னி பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 2025இல் லான்செட்டில் வெளியிட்டது. இரண்டு வயதில் எடைக் குறியீட்டில் அந்தத் திட்டங்களால் வேறுபாடு எதுவும் இல்லை என்பதே முடிவு. கிரீன்லைட் எப்படி இதில் தனித்து நிற்கிறது என்பதற்கு அதன் நீண்ட, விடாத தொடர்பு ஒரு காரணமாக இருக்கலாம். புதிதாய்ப் பெற்றோரானவர்கள் தூக்கமின்றித் தவிக்கும் மாதங்களில் எவ்வளவு அறிவுரை உள்ளே இறங்கும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

ஏற்கெனவே பருமனாகிவிட்ட பிள்ளைக்கு நிலைமை இன்னும் கறார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, மூன்று முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் குடும்பத்தோடு குறைந்தது 26 மணி நேரம் நேர்முகப் பயிற்சி வேண்டும் என்கிறது. 26 மணி நேரத்தை எந்தச் செயலியாலும் ஈடுகட்ட முடியாது. இரண்டு சந்திப்புகளுக்கு இடையே நூல் அறாமல் பார்த்துக்கொள்ளலாம். எவிரா செய்வது அதைத்தான்.

நம் வீட்டுத் தட்டு

இந்தச் செயலிகளில் ஏதாவதொன்றை அப்படியே தமிழில் மாற்றி இறக்கினால் முதலில் இடறுவது அளவுகோலில். புனேயின் ஆய்வாளர் யாஜ்னிக்கும் லண்டனின் ஆய்வாளர் யூட்கினும் 2004இல் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து லான்செட்டில் ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. உடற்கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருப்பது நம் பக்கத்து இயல்பு. புனேயில் பிறந்த குழந்தைகளிடமே அதை யாஜ்னிக் காட்டியிருக்கிறார். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015இல் திருத்திய வளர்ச்சி அட்டவணை, ஆசியப் பெரியவர்களுக்கான 23, 27 என்ற தாழ்ந்த எல்லைகளுக்கு இணையாகக் கோடு போட்டது இதனால்தான். சுவீடனின் கோட்டில் 'சரி' என்று வரும் பிள்ளை சென்னையின் கோட்டில் எச்சரிக்கைக்குள் வரலாம்.

அடுத்த இடறல் பட்டைக் குறி. நம் பிள்ளை மாலையில் தின்னும் பஜ்ஜிக்கும் பேக்கரி பப்ஸுக்கும், தூக்கில் இருக்கும் முறுக்குக்கும் பட்டைக் குறி கிடையாது. 'ஒரு கப் சோறு' என்று செயலி கேட்டால் எந்தக் கப்? வீட்டில் புழங்குவது கரண்டி. அதுவும் வீட்டுக்கு வீடு வேறு. இந்த இடத்தில் தட்டைப் படமெடுத்து அனுப்பும் மினிஸ்டாப் முறை நமக்கு உதவலாம். பொட்டலத்தில் வருவதிலும் குழப்பம் உண்டு. பாலில் கலக்கும் மால்ட் தூள்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது 2024 ஏப்ரலில்தான். அதுவரை சத்து என்று நம்பி இரண்டு ஸ்பூன் அதிகமாகப் போட்ட பெற்றோரைக் குறை சொல்ல முடியாது.

தகவல் பாதுகாப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது. 2023ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி 18 வயது வரை குழந்தைதான். சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். குழந்தையின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கத் தடை. மருத்துவ நிலையங்களுக்குச் சிகிச்சைக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு. தனியாக விற்கப்படும் எடைச் செயலி மருத்துவ நிலையம் ஆகாது. கர்போ வழியில் இங்கே யாராவது இறங்கினால் சிக்கல் அங்கேதான் தொடங்கும்.

அப்படியானால் செயலிக்குப் பின்னால் நிற்கும் ஆளை எங்கே தேடுவது? அங்கன்வாடியில் 2021 முதல் 'போஷன் டிராக்கர்' என்ற செயலி இருக்கிறது. பிள்ளையின் உயரமும் எடையும் அதில் ஏறுகின்றன, ஆனால் அது பணியாளரின் கைபேசி, பெற்றோருடையதல்ல. அதன் கண் பெரும்பாலும் மெலிந்த பிள்ளைமேல். தேசியக் குடும்ப நல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் அதிக எடையுள்ளோர் 2.1இலிருந்து 3.4 சதவீதமாக ஏறியிருக்கும் நிலையில், அதே அளவு ஏட்டிலிருந்து மறுபக்கத்தையும் வாசிப்பது கடினமான வேலை இல்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் ஆண்டுதோறும் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. நகரத்துத் தனியார் பள்ளிகளில்தான் பருமன் கூடுதல் என்று இந்திய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்தப் பள்ளிகள் இந்தத் திட்டத்தின் வட்டத்துக்கு வெளியே. மருத்துவக் குழு போகும் இடத்தில் பருமன் குறைவு; பருமன் கூடிய இடத்துக்கு மருத்துவக் குழு போவதில்லை. அந்த இடைவெளியில்தான் சந்தாச் செயலிகள் வந்து, பள்ளி நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டு, பெற்றோரின் வாட்ஸ்அப்பைத் தட்டும். பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், பதிவுகளை வாசித்துப் பதில் சொல்லப் போகும் மருத்துவர் யார், பிள்ளைக்கு எண் தெரியுமா, தகவல் எங்கே போகிறது என்று பெற்றோர் ஆசிரியர் கழகம் எழுத்தில் கேட்டு வாங்கலாம்.